முகம் பார்க்கிறவர்

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கரட்டிலிருந்து பறந்தவர்களில் அவரைப் போல இறக்கையைக் கையாளத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. நானும் இல்லை. இரண்டும் ஒரே ஆளைப் பற்றிய உண்மை என்பதுதான் இத்தனை காலம் கழித்தும் தொண்டையில் கசக்கிறது.

பேரை எழுதப் போவதில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் பந்தல், சாமியானா வாடகைக்கு விடும் தொழில். நாங்கள் எல்லோரும் பந்தல்காரர் என்றே கூப்பிட்டோம். நாற்பதைத் தாண்டிய வயது. வெள்ளைச் சட்டை, சாயங்காலம் வரைக்கும் மடிப்புக் கலையாது. வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது. யாரிடமும் அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் அவரைப் பார்த்தது நான் பி.டி. டீச்சராக இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட வந்திருந்தார். அவருடைய ஆள் ஒருவர் சவுக்குக் கம்பத்தின் உச்சியில் கால்களைப் பின்னிக்கொண்டு துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இவர் கீழே என்னோடு மேடையின் அகலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்து வந்து, அந்தக் கம்பத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

"ஏலே, சாயுதுடா! பிடிச்சுக்கடா!"

மேலே இருந்தவர் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டார். வாய் ஒரு பக்கம் கோணிப்போய்விட்டது. இவர் சிரித்தார். சிரித்ததைக்கூட மறந்திருப்பேன். சிரிக்கிற நேரம் முழுக்க அவர் கண் அந்த முகத்தை விட்டு அகலவில்லை. பசியோடு இருக்கிறவன் பரிமாறுகிற கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். கம்பம் ஆடுவது நின்றதும், "பயந்துட்டியா அப்பு? சும்மாடா" என்றார், ரொம்பப் பிரியமாக. அந்தப் பிரியம்தான் எனக்குக் குமட்டியது.

அதே பந்தல்காரரை அடுத்த மாதம் சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கரட்டில் பார்த்தபோது எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. கரடு என்றால் வயல்களுக்கு நடுவே எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்று. அங்கேதான் ஆரோக்கியம் சார் ஹேங் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வடக்கே மலைகளில் பல வருஷம் பறந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, ஓடிக்கொண்டே இருக்கும்போது தரை முடிந்துபோனால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை.

அது எளிமையான சாமான். பெரிய முக்கோண இறக்கை. அதன் கீழே பட்டைகளில் கவிழ்ந்து தொங்க வேண்டும். கையில் ஒரு கம்பி. நெஞ்சுப் பக்கம் இழுத்தால் இறக்கையின் மூக்கு, அதாவது முன்முனை, தாழ்ந்து வேகம் எடுக்கும். தள்ளினால் வேகம் குறையும். உடம்பைச் சாய்த்தால் திரும்பும். இன்ஜின் கிடையாது. ஓடித்தான் கிளம்ப வேண்டும். பந்தல்காரருக்கு இதெல்லாம் பிறவியிலேயே தெரிந்த மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்கத் துணியையும் காற்றையும் பார்த்தவர் அல்லவா. நான் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு விழுந்து எழுந்த காலத்தில் அவர் கரட்டைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, கொக்கு இறங்குவது போலத் தரிசில் வந்து நின்றார். சார் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்.

கிளம்புவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. நம்முடைய பட்டையை இறக்கையோடு சேர்ப்பது ஒரே ஒரு கொக்கி. அதை மாட்டாமல் ஓடினால் இறக்கை போகும், நாம் போக மாட்டோம். அல்லது கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய் விழுவோம். அதனால் ஓடும் முன் ஒருவர் இறக்கையின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, நாம் படுத்துத் தொங்கிப் பார்த்து, கொக்கியைக் கையால் தொட்டு, "மாட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதில் மட்டும் விளையாட்டே கூடாது என்பது சாரின் சட்டம்.

ஒரு நாள் எனக்கு மூக்குப் பிடித்தவர் பந்தல்காரர். எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாட்டியாச்சு என்றும் சொல்லிவிட்டேன். காற்று நேராக முகத்தில் அடித்தது. முதல் எட்டு வைக்கக் காலைத் தூக்கினேன்.

"டீச்சர், கொக்கி தொங்குதே!" என்றார்.

 அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொக்கியைத் தேடித் தொட்டால் அது மாட்டினபடியே கெட்டியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு.

"சும்மா ஒரு டெஸ்ட்டுதேன் டீச்சர். ஒங்களுக்கு நிதானம் இருக்கான்னு பார்த்தேன்."

அன்றைக்கு நான் பறக்கவில்லை. சாரிடம் சொன்னேன். சார் அவரை எல்லோர் முன்னாலும் வைது தீர்த்தார். இவர் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார். அதையும் சிரித்துக்கொண்டே போட்டார். பிறகு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கை சுத்தமான கைம்மா அவனுக்கு. புத்தியையும் பழக்கிரலாம். செத்த பொறுத்துக்க" என்றார். நல்ல சீடன் கிடைத்துவிட்டால் வாத்தியார்களுக்குக் கண் மறைத்துவிடும். நானும் வாத்தியார்தான், எனக்கு அது தெரியும்.

என் அப்பா இறந்தபோது யாரும் சொல்லாமலே பந்தல்காரர் ஆட்களோடு வந்து நின்றார். வெயில் ஏறுவதற்குள் வாசலில் பந்தல் நின்றது. நாற்காலி, தண்ணீர் டிரம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கை கட்டி ஓரமாக நின்று கடைசி வரை இருந்துவிட்டுப் போனார். இந்த மனுஷனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று நான் உருகியது உண்மை. ஒரு வாரம் கழித்துக் கரட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க தம்பி பெட்டியை மூடுறப்ப ஒதட்டக் கடிச்சு அடக்கிப் பார்த்தாரு டீச்சர். முடியல. மூக்கு ஒரு மாதிரி விரிஞ்சு, நாடி நடுங்கி... ஒங்க அம்மா அப்படி இல்ல. அவங்க வாயத் தொறந்தாங்க, சத்தமே வரல."

இதை அவர் துக்கமாகச் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. நல்ல சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற குரல். நான் எழுந்து வேறு பாறைக்குப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் சார் எங்கள் இரண்டு பேரையும் டேண்டம் பைலட் ஆக்குவது என்று முடிவெடுத்தார். அதாவது இன்னொருவரைக் கூடக் கட்டிக்கொண்டு பறப்பது. பறக்க ஆசைப்பட்டுக் கரட்டைத் தேடி நிறையப் பேர் வர ஆரம்பித்திருந்தார்கள். சாருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஆளைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை.

டேண்டத்துக்கு இறக்கை பெரிது, கனம் அதிகம். திருப்பினால் தாமதமாகத்தான் திரும்பும். இரண்டு பேர் கால்களும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். நாங்கள் தரிசில் மாதக்கணக்காக "நட, நட, ஓடு, ஓடு" என்று கத்திக்கொண்டு ஜோடியாக ஓடிப் பழகினோம். பூ எடுக்கப் போகிற பெண்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் ஓட்டம் பெரிய விஷயம் இல்லை. சார் அடிக்கடி சொன்னது வேறு.

"கூட வாரவங்க மொகம் ஒங்களுக்குச் சரியாத் தெரியாது. நீங்க முன்னாடி பார்க்கணும். அதனால மூச்சக் கேளுங்க. மூச்ச அடக்கிட்டு இருக்காங்களா, பேச்சுக் குடுங்க. பேச்சு வரலியா, எறக்கிருங்க. அவங்க வேணாம்னா அதோட சரி. எங்க இருந்தாலும் சரி."

மூச்சைக் கேட்பதில் பந்தல்காரர் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரர். அதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஒருவருக்கு ஒருவர் பயணியாகப் போய்ப் பழக வேண்டும் என்பது பயிற்சியில் ஒரு பகுதி. அவர் ஓட்டும் முறை வந்தது. அவர் தோள் பக்கத்தில் நான் தொங்கினேன். கிளம்பியது அழகான கிளம்பல். தென்னந்தோப்பு கீழே நகர்ந்தது, கண்மாயில் வெயில் தகடு போல மின்னியது. பயணியாகப் போகும்போது கை சும்மா இருக்கும். அதனால் பைலட்டுக்கே கொஞ்சம் பயமாக இருக்கும். அந்தப் பயம் தணிந்து நான் ஒரு நீளமான மூச்சு விட்டேன்.

விட்டதுதான் தாமதம், அவர் கம்பியை நெஞ்சோடு இழுத்தார்.

இறக்கை தலைகுப்புறப் பாய்ந்தது.  நான் கத்தினேன். உடனே சரிசெய்தார். மூச்சு நிதானமாகும் வரை காத்திருந்தார். ஆனதும் மறுபடி இழுத்தார். தரை நெருங்கும் நேரத்தில்கூட அவர் தரையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். இறங்கியது மட்டும் பூப் போல.

பட்டையைக் கழற்றும் முன்பே கடலைக்காட்டு வரப்பில் வாந்தி எடுத்தேன். அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முதுகைத் தடவ வந்த கையை நான் தட்டிவிட்டேன். ரொம்ப நாளைக்கு டீக்கடையில் அதுதான் அவருடைய கதை. "டீச்சரு காலையில இட்லியா பொங்கலான்னு எனக்குத்தான் தெரியும்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு டீயைக் கீழே ஊற்றினேன்.

அவர் மனைவி சாந்தாமணிக்குச் சொந்த ஊர் ஆயக்குடி. கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். கொங்குப் பேச்சு, எதற்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சில ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். சோறு போடும்போது யாராவது பின்னால் வந்து நின்றால் தோள்பட்டை சட்டென்று ஏறி இறங்கும். அதைப் பார்த்து நான் பள்ளிக்கூடத்தில், வீட்டில் பயந்து பயந்து வளர்ந்த சில பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன்.

பந்தல்காரரின் பரீட்சை நாள் வந்தது. சாரே பயணியாகப் போவார். முதல் தடவை பறக்கும் ஆள் என்னென்ன கோளாறு செய்வாரோ அத்தனையும் செய்வார். சமாளித்துப் பத்திரமாக இறக்கினால் டேண்டம் ஓட்டலாம் என்று சார் எழுதிக் கொடுப்பார்.

இரண்டு பேரும் கிளம்பினார்கள். சார் பாதி ஓட்டத்தில் காலைத் தூக்கினார். பந்தல்காரர் அவரையும் சேர்த்துச் சுமந்து ஓடினார். மேலே போனதும் சார் அலறிக் கம்பியைப் பிடித்தார். இவர் ஒரு கையால் அந்த விரல்களை மெதுவாக எடுத்துவிட்டு, "நான் இருக்கேன்ல சார், பயப்படாதீக, அந்தா பாருங்க கண்மாயி" என்று தாலாட்டுகிற குரலில் பேசினாராம். கீழே வந்த சார் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினோம். நான் தட்டினேனா என்று எனக்கு நினைவில்லை.

புளியமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். சாந்தாமணி புளிச்சோறு வைத்துக்கொண்டே வந்தவர், சார் இலை முன்னால் நின்றார்.

"சார், ஒண்ணு கேட்டுப்போட்டு எழுதிக் குடுங்க. உங்களைய கூட்டிட்டுப் போனப்ப நல்லாத்தான் பேசுனாருங்க. என்னைய கூட்டிட்டுப் போனப்ப என்ன பண்ணுனாருன்னு கேளுங்க."

சார் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "ஒங்களக் கூட்டிட்டுப் போனானா? எப்ப?"

சார் கண் ஆபரேஷனுக்கு மதுரை போயிருந்த வாரம். நான் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தேன். இவர் பந்தல் ஆட்களை வைத்து மூக்குப் பிடிக்கச் சொல்லி, மனைவியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். கண்டிப்பாகச் செய்யக் கூடாத காரியம். மாட்டிக்கொண்டவர் மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு ஆசையாக போனை எடுத்தார்.

"செம காமெடி சார். இறக்கையில கேமரா மாட்டி எடுத்தேன். எங்க சொந்தக்காரங்க குரூப்புல இதுதான் இப்ப ஓடுது. பாருங்களேன்."

சார் வாங்கிப் பார்த்தார். நான் சாரின் தோளுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். சாந்தாமணியின் கண் இறுக மூடியிருந்தது. "எறக்கி உட்டுருங்க... உங்க காலைப் புடிக்கறனுங்க, எறக்கி உட்டுருங்க" என்று அந்தக் குரல் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வந்தது. குரல் ஓய்ந்து, விசும்பல் அடங்கி, உதடுகள் ஏதோ சாமி பேரை முணுமுணுக்கும். உடனே இறக்கை பாயும். மறுபடி அலறல். மறுபடி ஓயும். மறுபடி பாயும். படத்தில் அவர் முகமும் தெரிந்தது. எனக்குப் பழக்கமான அதே முகம், அதே பளபளப்பு. புளியமரத்தடியிலும் அவர் ஒவ்வொரு அலறலுக்கும் சரியான இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி கரண்டியைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றார்.  நான் எழுந்து போய் வாயில் இருந்த சோற்றைத் துப்பிவிட்டு வந்தேன்.

சார் கடைசி வரை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். இலையை மூடினார்.

"ஒனக்கு டேண்டம் கிடையாது."

பந்தல்காரருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏன் சார்? ஒரு கீறல் விழுந்துச்சா? பத்திரமாத்தானே எறக்குனேன்?"

"அவங்க எறக்கிவிடச் சொன்னாங்கல்ல?"

"அது பயத்துல சொல்றது சார்."

"பயத்துல சொன்னா சொன்னதாகாதா?" சார் எழுந்து நின்றார். "இம்புட்டு நாளும் ஒனக்குச் சொல்லிக் குடுத்தேனேன்னு எனக்கு அருவருப்பா இருக்குய்யா."

பந்தல்காரர் கோபப்படவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். பிறகு, "சரி விடுங்க, அடுத்த வருசம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து இரண்டாவது தடவை சோறு போடச் சொன்னார். சாந்தாமணி போட்டார்.

அடுத்த சில மாதங்களில் சார் எனக்கு டேண்டம் ஓட்ட எழுதிக் கொடுத்தார். பந்தல்காரர் தனியாகப் பறக்க வந்துகொண்டிருந்தார். அதைத் தடுக்கக் காரணம் இல்லை. உயரத்தில் அவர் போடும் வட்டத்தைப் பார்த்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு பட்டைகளைத் துடைப்பேன்.

காற்று மெதுவாக வீசிய ஒரு காலையில் சாந்தாமணி என்னிடம் வந்தார். "டீச்சர், என்னைய ஒருக்கா கூட்டிட்டுப் போறீங்களா? அன்னைக்குக் கண்ணையே தொறக்கலீங்க. மேல என்னதான் இருக்குதுன்னு பார்க்கோணும்."

பந்தல்காரருக்கு ஏக உற்சாகம். "போயிட்டு வா, போயிட்டு வா. நான் கீழ நிக்கிறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு தரிசுக்கு ஓடினார்.

நான் நிதானமாக எல்லாம் சொன்னேன். கொக்கியைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். படுத்துத் தொங்கிப் பார்த்தோம். சார் ஓரமாக நின்றார். "நட... நட..." நடந்தோம். இறக்கை எடை குறைந்து தோளிலிருந்து எழும்பத் தொடங்கியது.

"வேண்டாமுங்க."

அவ்வளவு சன்னமாகத்தான் வந்தது அந்தச் சொல். இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்டால் சொல்வது போல. நான் கம்பியை மேலே தள்ளிக் குதிகாலை ஊன்றினேன். இறக்கை மூக்கைத் தூக்கி எங்கள் மேல் கனமாகச் சாய்ந்தது. சார் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கொக்கிகளைக் கழற்றினேன்.

சாந்தாமணிக்கு மூச்சு வாங்கியது. "ஏன்னு கேக்கலீங்களே டீச்சர்?"

"வேண்டாம்னு சொன்னீங்கல்ல. அம்புட்டுதேன்."

அவர் அப்படியே பாறையில் உட்கார்ந்தார். அழவில்லை. செத்த நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தென்னந்தோப்பு, மல்லிகைத் தோட்டம், தூரத்தில் ரோட்டில் ஊர்ந்து போகும் லாரி. "இங்கிருந்தே நல்லாத்தானுங்க தெரியுது" என்றார்.

இரண்டு பேரும் நடந்து இறங்கினோம். தரிசில் பந்தல்காரர் போனை நீட்டியபடி காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் தொங்கவிட்டார்.

"ச்சே, சப்புன்னு போச்சே" என்றார்.

சாந்தாமணி அதைக் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. என்னிடம், "டீச்சர், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உங்க வண்டியில வரட்டுங்களா?" என்றார்.

"நான்தான் போறேன்ல? எதுக்கு டீச்சருக்குச் செரமம்? வீடு எங்க ஓடியா போயிரும்?" என்றார் பந்தல்காரர்.

"வீட்டுக்கு இல்லீங்க. ஆயக்குடிக்குப் போறேன்."

"எப்ப வருவ?"

சாந்தாமணி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார். அவர் நாகல் நகர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை என்பதும், இப்போது அண்ணனோடு சேர்ந்து தோப்பைப் பார்த்துக்கொள்கிறார் என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதிகள். அந்த நிமிஷம் எங்கள் மூன்று பேருக்குமே அது தெரியாது.

பந்தல்காரர் வேகமாகச் சுற்றி வந்து மனைவிக்கு முன்னால் நின்று, குனிந்து, முகத்தைப் பார்த்தார். நெற்றி, கண், உதடு என்று தேடினார். வெயில் படுகிறதே என்று சாந்தாமணி கையை நெற்றிக்குக் கொடுத்தாரே தவிர வேறு அசைவு இல்லை. அவர் தேடியது அங்கே கிடைக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெதுவாகத் திரும்பி, என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதன் கறுப்புக் கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டேன்.